கணுவின் இரு கரை

சூடான ஈரத்துண்டைப் பெலிசிட்டாவின் வலது கையில் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை சுற்றிவிட்டு, கை நல்லாச் சூடேறட்டும் மேடம், கொஞ்சம் அசையாமப் படுத்திருங்க என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் செண்பகவல்லி வெளியே போனாள். பெலிசிட்டாவுக்கு அது தெரியாதா என்ன. குளிர்ந்த கையில் நரம்புச் செய்தி மெல்லத்தான் நகரும், நல்ல நரம்பைக்கூட நோய்ப்பட்ட நரம்பாகக் காட்டிவிடும், ஆகவே நரம்பின் வேகம் பார்க்கிற சோதனையில் முதலில் சூடு, பிறகுதான் ஷாக் என்று மருத்துவக் கல்லூரியில் வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தவளே அவள்தான். ஆனாலும் சரி என்று தலையாட்டினாள். நோயாளி என்று படுத்த பிறகு தலையாட்டத்தான் வேண்டும். மேலே குழல்விளக்கு ஒன்று ஓரத்தில் கறுத்திருந்தது. துண்டிலிருந்து டெட்டால் வாசனையும் வெந்நீர் வாசனையும் கலந்து வந்தன. இடது தோளில் சேலையைக் குத்தியிருந்த ஊக்கு மெத்தையில் அழுந்தி உறுத்தியது. உறுத்தட்டும். அந்த ஊக்கை இன்றைக்குக் காலையில் தூத்துக்குடியில் அவளே குத்திக்கொண்டாள். நைட்டியும் பொத்தான் இல்லாத சட்டையுமாகப் போன மாதங்களுக்குப் பிறகு முதல் சேலை. கொசுவம் மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை நின்றது. கணவர் ஹெர்மன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பெலி, நான் வரவா என்று ஒரே ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் போகவில்லை, கேட்கவும் இல்லை; செருப்பு தேயும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலையில் முப்பது வருஷம் கத்திக் கத்திப் பேசிப் பழகிய மனுஷன், இந்த ஒரு வருஷத்தில் சும்மா நிற்கக் கற்றுக்கொண்டார். இப்போதும் வெளியே பெஞ்சில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். தூத்துக்குடியிலிருந்து மதுரை வரும்வரை காரில் வானிலையைத் தவிர வேறெதையும் அவர் பேசவில்லை. பயப்படுகிறார். பயப்படட்டும். தானும் பயப்படுவது அவருக்குத் தெரியாதவரைக்கும் நல்லதுதான்.

சூடு தோலைத் தாண்டி உள்ளே இறங்குவது தெரிந்தது. தெரிகிறது என்பதே பெரிய விஷயம், போன முறை இதே துண்டு வெறும் பாரமாக மட்டும் இருந்தது. உள்ளே எங்கே இறங்குகிறது, தோலுக்கடியில் கொழுப்பு, தசை, அப்புறம் நரம்புக்கட்டு, கட்டுக்குள் ஆயிரக்கணக்கான இழைகள். ஒவ்வொரு இழைக்கும் மேலே சுருட்டிச் சுருட்டிப் போர்த்திய மயலின் உறை, ஒரு மில்லிமீட்டர் போனதும் உறை முடிந்து சின்னதாக ஓர் இடைவெளி, கணு, மறுபடியும் உறை. அந்தப் படத்தைக் கரும்பலகையில் அவள் போட்டால் அது வேறு மாதிரி இருக்கும். அது அவளுக்கே தெரியும். தெரியாதது மாதிரி நடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வெள்ளைச் சாக்பீஸில் உறை, பச்சையில் உறையின் ஓரம், கணுவில் மட்டும் சிவப்புப் புள்ளிகள், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக. அவைதான் சோடியம் வாயில்கள். நரம்பிழை முழுக்க அவற்றைப் பரப்பி வைத்திருந்தால் எத்தனை வீண் செலவு, உடம்பு அப்படிச் செய்யவில்லை, திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொண்டுவந்து குவித்திருக்கிறது, அதனால்தான் செய்தி கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது, இல்லையென்றால் கால் கட்டைவிரலை அசைக்க நினைத்து முடிவதற்குள் பஸ் போய்விடும் என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் நீலச் சாக்பீஸ். பொட்டாசியம் வாயில்கள். இவற்றைக் கணுவில் போடாதீர்கள், பரீட்சையில் பாதிப்பேர் அங்கேதான் போடுகிறீர்கள், கணுவின் இரண்டு கரையிலும் பச்சை, பச்சைக்கும் அப்பால் உறைக்கு அடியில் மறைவாக நீலம். நடுவில் இருக்கும் பச்சைதான் வேலி. உறையின் ஓரம் இழையோடு பல்லும் பல்லுமாகக் கவ்விக்கொண்டு நிற்கிற இடம். வேலி இருக்கிறவரைக்கும் சிவப்பு சிவப்பின் இடத்தில், நீலம் நீலத்தின் இடத்தில். அழிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அந்த நிற்பில் இருந்த தோரணையைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நீலச் சாக்பீஸ்தான் முதலில் விழுந்தது. அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும், ஆனால் நினைப்பு போய் அங்கேயே இடறுகிறது, தினமும் அங்கேதான் இடறுகிறது. விழுந்தது, குனிந்து எடுத்தாள், விரல் பிடிக்கவில்லை, எடுத்தது மறுபடி விழுந்தது. முன்வரிசையில் யாரோ எழப்போனார்கள், உட்காரு என்றாள். கை ஆடிக்கொண்டிருந்தது, காற்றில் ஆடுகிற மாதிரி இல்லை, மெதுவாக, பெரிதாக, யாரோ மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி. சாக்பீஸை முஷ்டிக்குள் வைத்து, சின்னக் குழந்தை கரித்துண்டைப் பிடிப்பது போலப் பிடித்து, நீலத்தைப் போட்டாள். கோணல்மாணலாக வந்தது. ஆனால் சரியான இடத்தில் வந்தது. வகுப்பை முடித்தாள். அதை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது, முடித்துவிட்டுத்தான் வந்தாள். ஸ்டாஃப் ரூமில் கைப்பையின் ஜிப்பை மூட முடியாமல், திறந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு கார்வரைக்கும் நடந்தாள், அந்த நடையும் சரியில்லை, தரை இருக்கும் இடம் காலுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் மாடிப்படி. அதற்கடுத்த வாரம் கரண்டி. என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹெர்மன் முதுகெலும்பில் டிஸ்க் நழுவிவிட்டது என்று சொன்னார், அவள் சொல்லச் சொன்னாள். டிஸ்க் என்றால் கௌரவமான வியாதி, எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறது. நரம்புப் பாடம் எடுத்தவளுக்கு நரம்பு போய்விட்டது என்று காரிடாரில் பேசுவார்களே, அந்தப் பரிதாபத்தில் எங்கோ ஒரு சிரிப்பு ஒளிந்திருக்குமே, அதை அவளால் தாங்க முடியாது. மாதா கோயில் திருவிழாவுக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறேன் என்றார் ஹெர்மன். மாட்டேன் என்றாள். சப்பரம் போகிற சத்தத்தை மாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள், விளக்கைப் போடாமல்.

துண்டு ஆற ஆரம்பித்துவிட்டதா, இல்லை, கைதான் அதற்குப் பழகிவிட்டதா. முதலில் பார்த்த டாக்டர்கள் நரம்பின் உறை வீங்கிச் சிதைகிற வழக்கமான நோய் என்று நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதற்கான மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள். பலன் இல்லை. கை இன்னும் அதிகமாக ஆடியது. அப்புறம்தான் யாரோ இந்த இஸ்மாயில் கனியின் பெயரைச் சொல்ல, இருவரும் மதுரைக்கு வந்தார்கள். ஒல்லியான, சத்தம் போடாத மனுஷன், அவளைவிடப் பத்து வயது குறைவு. தொட்டும் தட்டியும் குத்தியும் பார்த்தார், ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார், முடிவு வந்ததும் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு காகிதத்தை இழுத்துப் போட்டு நரம்பிழை ஒன்றை வரைந்தார். ஹெர்மனுக்குப் புரிய வேண்டும் என்று வரைகிறார் என்று அவள் நினைத்தாள். உறை சரியாக இருந்தது, கணு சரியாக இருந்தது, சோடியம் சரியாக இருந்தது, நீல மையில் பொட்டாசியத்தைக் கொண்டுபோய்க் கணுவை ஒட்டியே, சோடியத்தின் பக்கத்திலேயே வைத்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலில் புரண்டு படுக்க ஆள் வேண்டியிருந்த நிலைமையிலும் பொறுக்கவில்லை. ஆடுகிற விரலை நீட்டி, தப்பு டாக்டர், நீலம் அங்க வராது, தள்ளிப் போய் உறைக்கு அடியில இருக்கணும் என்றாள். இஸ்மாயில் கனி பேனாவை மூடினார். அவசரப்படாமல், மரியாதையாக, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் நல்ல நரம்ப வரையல மேடம். உங்க நரம்ப வரைஞ்சேன்."

அந்த அறையில் அப்போது மின்விசிறி ஓடியதா, ஏ.சி. ஓடியதா, இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் அந்த நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார், அவளுக்குப் பாதி வாக்கியத்திலேயே மீதி புரிந்துகொண்டே வந்தது. உறை கிழியவில்லை, வேலிதான் விட்டுப்போயிற்று. வேலியில் கவ்விப் பிடிக்கிற காண்டாக்டின் என்ற புரதத்தை அன்னியம் என்று நினைத்து அவள் உடம்பே எதிர்ப்பொருள் செய்து தாக்கியிருக்கிறது. பிடி விட்டதும் உறையின் ஓரம் தூக்கிக்கொண்டது, அடியில் ஒதுங்கியிருந்த நீலம் நகர்ந்து கணுவுக்கு வந்துவிட்டது, சிவப்பு கூட்டம் கலைந்து பரவியது. சோடியம் உள்ளே பாய்ந்து செய்தி எழும்போதே பக்கத்தில் நிற்கும் பொட்டாசியம் அதை வெளியே கசியவிட்டு அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு கணுவிலும். தாவ வேண்டியது தவழ்கிறது, சில இடத்தில் தவழவும் முடியாமல் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் பரீட்சையில் போட்ட தப்பான படம் அத்தனையும் வந்து அவள் கைக்குள் குடியேறிவிட்டது போல் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஹெர்மனிடம் சண்டை போட்டாள், எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியாது, மீன்குழம்பில் புளி ஜாஸ்தி என்றோ என்னவோ. தன்னுடைய நரம்பு தப்பான விடையாக இருக்கிறது என்பதை ஒரு மனுஷி எப்படித்தான் சொல்லி அழுவது. ஆனால் மறுநாள் விடியும்போது வேறொன்று தோன்றியது, அது துளி கர்வத்தோடுதான் தோன்றியது. இழை அறுந்துபோகவில்லை. உறை கரைந்துபோகவில்லை. எல்லாம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. இடம் மாறினது திரும்பி வரும். என் நரம்பு வரும்.

எதிர்ப்பொருள் செய்கிற அணுக்களையே ஒடுக்குகிற மருந்தை இஸ்மாயில் கனி ஏற்றினார். முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. அப்புறம் ஒருநாள் தலையணை உறையின் தையல் விரலுக்குத் தெரிந்தது. அப்புறம் டம்ளர். அப்புறம் ஹெர்மன் தோளைப் பிடித்து வாசல்வரை, அப்புறம் தோளைப் பிடிக்காமல். இன்றைக்கு ஊக்கு. ஆனால் ஊக்கு குத்துவது வேறு, மெஷின் சொல்வது வேறு. மனசு விரும்பினால் கை நன்றாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், மெஷினுக்கு விருப்பம் ஒன்றும் கிடையாது. போன முறை கையில் வினாடிக்கு இருபத்தோரு மீட்டர், ஐம்பது போக வேண்டியது. காலில் ஒன்றுமே இல்லை. திரையில் வெறும் கோடு. அந்தக் கோட்டை அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

செண்பகவல்லி உள்ளே வந்தாள். துண்டை எடுத்தாள், வளையலைக் கழற்றட்டுமா மேடம் என்று கேட்டாள், நானே கழற்றுகிறேன் என்று பெலிசிட்டா கழற்றிக் கொடுத்தாள். ஜெல் வைத்து, கட்டைவிரல் மேட்டில் ஒட்ட வேண்டியதை ஒட்டி, மணிக்கட்டில் கருவியை அழுத்தினாள். சுரீர். கட்டைவிரல் துள்ளியது. அவள் சொல்லாமல், அவளைக் கேட்காமல், அதுவாகத் துள்ளியது. போன முறை இதற்கே எத்தனை தடவை கூட்டிக் கூட்டி அடித்தார்கள், பல்லைக் கடித்து ஈறு வலித்தது, அப்போதுகூட விரல் லேசாகச் சோம்பல் முறித்தது, அவ்வளவுதான். இன்றைக்கு நாலாவது அடியிலேயே செண்பகவல்லி போதும் என்று நிறுத்திவிட்டு முழங்கைக்குப் போனாள். பெலிசிட்டாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். அலை வரவில்லை என்றால் ஷாக்கைக் கூட்டுவார்கள், வந்துவிட்டால் நிறுத்துவார்கள். திரை அந்தப்பக்கம் திரும்பியிருந்தது, திரை தேவையில்லை, எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்தே வாசித்துக்கொள்ளலாம். முழங்கையில் ஐந்து. நிறுத்தினாள். எப்படியிருக்கு என்று கேட்டாள் பெலிசிட்டா, டாக்டர் சொல்வாங்க மேடம் என்றாள் செண்பகவல்லி, கோவில்பட்டிப் பேச்சு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். நல்ல டெக்னீஷியன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒவ்வோர் இழையிலும் இருநூறுக்குமேல் கணு, இத்தனை ஆயிரம் இழை, அத்தனையிலும் உறையின் ஓரம் மறுபடி இறங்கி வந்து ஒவ்வொரு பல்லாகக் கவ்வியிருக்கிறது, நீலத்தைப் பழைய இடத்துக்கு ஒதுக்கியிருக்கிறது, சிவப்பு கணுவில் குவிந்திருக்கிறது. யாரும் நின்று மேய்க்கவில்லை, யாரும் வரைபடம் காட்டவில்லை. அவள் தூங்கும்போது நடந்திருக்கிறது, மீன்குழம்புக்குச் சண்டை போடும்போது நடந்திருக்கிறது. இதில் நீ செய்தது என்ன பெலிசிட்டா, எதற்கு இத்தனை பெருமை என்று ஒரு குரல் கேட்டது, அந்தக் குரல் அவளுடையதுதான், விடைத்தாள் திருத்துகிற குரல். ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் என் கை. வேறு யார் வந்து பெருமைப்படுவார்கள் என் கைக்கு.

அப்புறம் கால். சேலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, செண்பகவல்லி பாதத்தின் மேற்பக்கம் ஒட்டி, கணுக்காலில் அழுத்தினாள். படுத்த நிலையில் பாதம் தெரியவில்லை. முதல் ஷாக் எங்கேயோ பக்கத்து அறையில் அடித்த மாதிரி இருந்தது. கூட்டினாள். இப்போது தெரிந்தது. கூட்டினாள். கூட்டிக்கொண்டே போனாள். வேண்டாம், எண்ணாதே. போன முறையும் இப்படித்தான் கூட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிறுத்தி, ஜெல்லைத் துடைத்துவிட்டார்கள், துடைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. கால் நரம்பு நீளமானது, நீளமானதுதான் முதலில் போகும், கடைசியில் வரும், அல்லது வராது. நீலம் ரொம்ப நாள் இடம் மாறி நின்றுவிட்டால் இழையே உள்ளிருந்து காய ஆரம்பித்துவிடும், அதையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள், பரீட்சைக்கு வராது என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். சுரீர். முழங்காலுக்குக் கீழே எலும்பில் போய்க் குத்தியது. பல்லைக் கடித்தாள், கத்த மாட்டாள். வெளியே ஹெர்மனுக்குக் கேட்கும். செண்பகவல்லி நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள், வந்ததா, கைவிட்டாளா. துடைக்கவில்லை. திரையையே பார்த்தாள். அப்புறம் ஒரு நிமிஷம் மேடம் என்று எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள், கொஞ்சம் வேகமாகவே போனாள். கதவு பாதி திறந்தபடி நின்றது. அதன் வழியாகப் பெஞ்சில் ஹெர்மனின் முழங்காலும் அதன்மேல் வைத்த கையும் தெரிந்தன. அந்தக் கை கால்சட்டைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது. மாதாவே என்று பெலிசிட்டா நினைத்தாள், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை, அருள்நிறை மரியே சொல்லவும் வரவில்லை, மாதாவே பச்சை, மாதாவே அந்தப் பச்சை என்று மட்டும் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

இஸ்மாயில் கனி வந்தார். புற நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வணக்கம் மேடம் என்றார், உட்கார்ந்தார், செண்பகவல்லியிடமிருந்து கருவியை வாங்கி அவரே அழுத்தினார். ஒருமுறை. இடத்தைச் சற்று மாற்றி இன்னொருமுறை. முழங்கால் பக்கம் போய் இன்னொருமுறை. பெலிசிட்டா குழல்விளக்கின் கறுத்த ஓரத்தைப் பார்த்தபடி, எதுவானாலும் சொல்லுங்க டாக்டர் என்றாள், குரல் அவள் நினைத்ததைவிட உறுதியாகவே வந்தது. அவர் திரையைப் பிடித்து அவள் பக்கமாகத் திருப்பினார்.

கோடு போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் ஓர் இடத்தில் எழுந்தது. சின்ன மேடுதான். கையின் அலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அடிவாரம் இருந்தது, உச்சி இருந்தது, இறக்கம் இருந்தது, திரையில் அதற்குக் கீழே, முழங்கால் பக்கம் அடித்தபோது வந்த இன்னொரு மேடு, அதே உருவத்தில், கொஞ்சம் தள்ளி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அவள் கண் அளந்துவிட்டது, அவர் சொல்வதற்கு முன்பே மனசு வகுத்துவிட்டது. முப்பத்திரண்டு இருக்குமா என்றாள். முப்பத்தி மூணு என்றார் இஸ்மாயில் கனி, முதல்முறையாகச் சிரித்தார். கையில் நாற்பத்தி நாலு. கால் முழுசா வரலை மேடம், உயரம் கம்மிதான், இன்னும் மாசக்கணக்கில் ஆகும், ஆனா போன தடவை இங்க ஒண்ணுமே இல்ல, வேலி திரும்பிடுச்சு என்றார். வேலி என்று, படம் வரைந்த அன்றைக்கு அவள் சொன்ன சொல்லையே சொன்னார். பெலிசிட்டா மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. வந்தது வேறு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ அலை பார்த்திருக்கிறாள், தவளைக் கால் அலை, பாடப்புத்தக அலை, யார் யாருடைய அலையோ. இவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள்.

செண்பகவல்லி கதவருகே ஹெர்மனைக் கூப்பிட்டாள், அவர் வந்து நின்றார், திரையைப் பார்த்தார், அவருக்கு அதில் ஒன்றும் புரியாது, அவள் முகத்தைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது. இஸ்மாயில் கனி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அடுத்த மாதம் மதுரையில் நரம்பு டாக்டர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது, இந்த நோயை வழக்கமானது என்று நினைத்துப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், அவளுடைய பழைய அலையையும் புது அலையையும் அங்கே காட்டலாமா, பெயர் இருக்காது, முகம் இருக்காது, ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் என்று மட்டும்தான் இருக்கும், யாருக்கும் தெரியவராது, அதற்கு அவர் பொறுப்பு. யாருக்கும் தெரியவராது. ஒரு வருஷமாக அவள் ஹெர்மனிடம் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதைத்தான். மூடிய ஜன்னல், போடாத விளக்கு. பெலிசிட்டா இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கினாள்.

"அந்த ஐம்பத்திரண்டு வயசுப் பெண்மணிய எனக்குத் தெரியாது டாக்டர். அலையக் காட்டுங்க. அது யாரோடதுன்னு நானே வந்து சொல்லுதேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. வழக்கம் இல்லையே மேடம் என்று ஆரம்பித்தார், பிறகு யோசித்தார், ஏற்பாடு செய்யலாம் என்றார், மேடையில் வசதியாக ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார். நாற்காலி வேண்டாம், நின்றுதான் பேசுவேன் என்றாள் பெலிசிட்டா. இஸ்மாயில் கனி அவள் காலைப் பார்த்தார், ஜெல் இன்னும் துடைக்காத பாதத்தைப் பார்த்தார், அப்புறம் உதவிக்கு வருவாரா என்று ஹெர்மனைப் பார்த்தார்.

"நிப்பா, டாக்டர்" என்றார் ஹெர்மன்.